நெகிழ்வும் சுழற்சியும்: அரைமண்டியிலிருந்து பிரமரி வரை

பரதநாட்டியம் பயிலத் தொடங்கி ஓராண்டு நிறையாத மாணாக்கர் ஆசிரியரிடம் கொண்டுவரும் குறைகளில் இரண்டு ஏனையவற்றைக் காட்டிலும் அடிக்கடி காதில் விழுவன. உடல் வளைய மறுக்கிறது என்பது ஒன்று. சுற்றும்போது தலை கிறுகிறுத்து, நின்ற இடம் தவறி, தாளத்தின் சமத்தில் வந்து சேர முடிவதில்லை என்பது மற்றொன்று. முதற் குறைக்குத் தொடையை நீட்டும் பயிற்சிகளையும், இரண்டாவதற்கு ஓயாமல் சுற்றிப் பழகுவதையும் மருந்தாகக் கருதி, இரண்டையும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவைபோல் தனித்தனியே செய்து, சில மாதங்களில் முழங்கால் வலியையும் மனச்சோர்வையும் மட்டுமே சம்பாதித்துக்கொண்டவர்கள் பலர். இவ்விரு குறைகளுக்கும் வேர் அநேகமாக ஒரே இடத்தில், அதாவது அரைமண்டியில், இருக்கிறது என்பதும், அரைமண்டி எவ்வளவு நேர்ப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கே உடலின் நெகிழ்வும் சுழற்சியும் ஆடுகிறவருக்குப் பிரயோஜனப்படும் என்பதும் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல முற்படும் பொருள்.

அரைமண்டியில் நிற்கும் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், காதும் தோளும் இடுப்பும் குதிகாலும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்க வேண்டும். எதிரே நின்று பார்த்தால், பாதத்தின் விரல்கள் எத்திசையைக் காட்டுகின்றனவோ அத்திசையையே முழங்காலும் காட்ட வேண்டும். குதிகால்களை ஒட்டி வைப்பதா, சிறிது இடைவெளி விட்டு வைப்பதா என்பது பாணிக்குப் பாணி வேறுபடும். அதில் உங்கள் ஆசிரியர் சொல்லே பிரமாணம். ஆனால் மேற்சொன்ன இரண்டு லட்சணங்களும் எல்லாப் பாணிக்கும் பொது. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், பாதங்களை முதலில் முழுதும் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு, முழங்கால்கள் அவ்வளவு தூரம் திரும்ப இயலாமல் முன்னோக்கிச் சரிய, அதனால் இடுப்பு பின்தள்ளி, அடிமுதுகு குழிந்து, மார்பு முன்னே சாய, நிலைக்கண்ணாடியில் பாதங்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதுதான்.

இவ்வாறு நிற்பது ஏன் கெடுதி என்பதை அறிய, காலின் மூட்டுகளைப் பற்றிச் சிறிது தெரிந்திருத்தல் அவசியம். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் பொருந்தியிருப்பதால், இடுப்பு மூட்டு எல்லாப் பக்கமும் திரும்பவல்லது. முழங்காலோ கதவின் கீல்போல மடங்கவும் நீளவுமே முக்கியமாக அமைந்தது. மடங்கியிருக்கும்போது சிறிதளவு திரும்ப இடந்தரும், அவ்வளவுதான். இடுப்பு தரவேண்டிய திருப்பத்தை அது தராதபோது, பாதம் தரையைப் பற்றிக்கொண்டிருக்க, குறைபடும் பாகைகளையெல்லாம் முழங்காலும் கணுக்காலுமே ஈடுசெய்ய நேரிடுகிறது. அடவின் ஒவ்வொரு தட்டிலும் இந்த முறுக்கு மீண்டும் மீண்டும் நிகழ்வதால், அரங்கேற்றத்திற்கு முன்பே முழங்காலுக்குக் கட்டுப் போடும் நிலை சிலருக்கு வந்துவிடுகிறது. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்று, பின்னர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1936-ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியைப் பலரும் அறிவர். அவர் பயின்ற அவ்விரு கலைகளும் எத்தனையோ விஷயங்களில் வேறுபட்டவையாயினும், கால்கள் வெளிப்புறம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்துதான் என்பதில் இரண்டிற்கும் வித்தியாசம் இல்லை.

உங்கள் இடுப்பு உண்மையில் எவ்வளவு திரும்பும் என்பதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். குப்புறப் படுத்து, ஒரு முழங்காலை மட்டும் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கால் கூரையை நோக்கும்படி வைத்துக்கொண்டு, அந்தக் கீழ்க்காலை மற்றக் காலின் பக்கமாக மெல்லச் சாயவிடுங்கள். இடுப்பெலும்பு தரையைவிட்டு எழத் தொடங்கும் கணம் எதுவோ அதுவே எல்லை. அதைக் கவனிக்க அருகில் ஒருவர் இருந்தால் நல்லது. செங்குத்தாக நின்ற கால் எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவே இன்றைக்கு உங்களுக்குரிய திருப்பம். இந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஒரே ஆளுக்கும் வலத்திற்கும் இடத்திற்கும் மாறக்கூடும். இதில் ஒரு பகுதி தசையின் இறுக்கத்தால் வருவது. அதைச் சாதகத்தால் தளர்த்தலாம். மற்றொரு பகுதி எலும்பின் அமைப்பால் வருவது. எந்தப் பிரயத்தனமும் அதை மாற்றாது. ஆகையால் பாதங்களை இந்த அளவுக்கு மேல் திருப்பாமல் அரைமண்டி இட்டு, அந்த அளவில் சுத்தமாக நின்று பழகுவதே முறை. குறுகிய கோணத்தில் அங்கசுத்தத்தோடு நிற்கும் மாணவி, விரிந்த கோணத்தில் வளைந்து நிற்பவளைக் காட்டிலும் அழகாகத் தோன்றுவாள் என்பதைக் கண்ணாடியே சொல்லும்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறு குழந்தைகளைத் தரையில் அமர்த்தி, உள்ளங்கால்களைச் சேர்க்கச் சொல்லி, விரிந்த முழங்கால்களின்மேல் பெரியவர்கள் கையாலோ காலாலோ அழுத்தித் தரையைத் தொடச்செய்வது சில இடங்களில் இன்னும் நடைபெறுகிறது. அழுத்துகிறவருக்கு அந்த மூட்டின் எல்லை தெரியாது. அழுத்தப்படுகிற குழந்தையோ ஆசிரியர்மீதுள்ள பயபக்தியால் வலியைச் சொல்லாது. இதனால் அரைமண்டி ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கலாம். ஆனால் மூட்டைக் கட்டும் நார்கள் தளர்ந்துபோனால் அவை தசையைப்போல மீண்டும் இறுகுவதில்லை. இதை நான் ஒருகாலும் ஒப்பமாட்டேன்.

உடலை நீட்டும் பயிற்சியை எப்போது செய்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் ‘வகுப்பு தொடங்கும் முன்’ என்று விடை சொல்வார்கள். குளிர்ந்த தசையை நெடுநேரம் இழுத்துப் பிடித்தால், அடுத்த சிறிது நேரத்திற்கு அதன் வலிமையும் துள்ளலும் குறைகின்றன என்பது உடற்பயிற்சி வல்லுநர் பரிசோதித்துக் கண்ட செய்தி. எனவே வகுப்புக்கு முன் செய்யத்தக்கது உடலைச் சூடேற்றுவதே. ஐந்து முதல் பத்து நிமிஷம் வேகமாக நடப்பது, கணுக்காலையும் தோளையும் வட்டமாகச் சுழற்றுவது, அரைமண்டியில் முழுதும் தாழாமல் தட்டடவை முதற் காலத்தில் மெல்லப் போடுவது ஆகியவை போதும். நீட்டிப் பிடிக்கும் பயிற்சிகளெல்லாம் வகுப்பு முடிந்து உடல் வியர்த்திருக்கும்போது செய்யத்தக்கவை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 30 விநாடி அசையாமல், மூச்சை அடக்காமல் இருக்க வேண்டும். எட்டாத இடத்தை எட்டும்பொருட்டுத் துள்ளித் துள்ளி இழுப்பது தவறு. திடீரென்று இழுக்கப்படும் தசை தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே சுருங்கும் சுபாவம் உடையது. ஆகவே துள்ளுகிறவர் தமக்கு விரோதமாகவே இழுக்கிறார்.

உள்தொடைக்கு உரியது எல்லோருக்கும் தெரிந்த பத்தகோணாசனம். மல்லாந்து படுத்து, உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களை அவற்றின் பாரத்தாலேயே இரு பக்கமும் விழவிடுவது அதனினும் நல்லது. ஏனெனில் படுத்திருக்கும்போது முதுகு வளைந்து ஏமாற்றுவதற்கு இடமில்லை. நாட்டடவில் குதிகாலைத் தட்டி நீட்டும் கால் முழங்காலில் மடங்கிவிடுகிறவர்களுக்குத் தொடையின் பின்புறத் தசை இறுகியிருக்கும். அவர்கள் மல்லாந்து படுத்து, ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி, காலை நேராக வைத்தபடியே மேலே தூக்கிப் பிடிக்கலாம். இவையெல்லாம் பலரும் செய்பவை ஆதலால் விரிக்கவில்லை.

பலரும் விட்டுவிடுகிற இரண்டு இடங்களைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். முதலாவது கெண்டைக்கால். அரைமண்டியில் தாழும்போது குதிகால் தரையைவிட்டு எழுகிறது என்றால், தொடையைக் குறைசொல்லிப் பயனில்லை. முழங்கால் மடங்கிய நிலையில் கணுக்கால் முன்னோக்கி மடங்கவேண்டிய அளவு மடங்கவில்லை என்பதே அதன் பொருள். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை நேராக்கிச் சாய்வது மேல்தசைக்கு ஆகும். அதே நிலையில் பின்காலின் முழங்காலையும் மடக்கி, குதிகாலைத் தரையிலேயே அழுத்தி நிற்பது அடித்தசைக்கு ஆகும். அரைமண்டிக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. அதைத்தான் யாரும் செய்வதில்லை. மற்றோர் இடம் இடுப்பின் முன்புறம். நாள் முழுதும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தொடையை வயிற்றோடு இணைக்கும் தசைகள் குறுகியிருப்பதால், நிற்கும்போதே இடுப்பு முன்சாய்ந்து அடிமுதுகு குழிகிறது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்து, ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, முதுகைக் குழிக்காமல் உடலை மெல்ல முன்னே நகர்த்தினால், அந்தத் தசை தொடையின் மேற்புறத்தில் இழுபடுவது தெரியும். வயதுவந்த பின் நாட்டியம் தொடங்குகிறவர்களுக்கு மற்றெல்லாவற்றையும்விட இந்த ஒன்றே அதிக நன்மை செய்யக்கூடும்.

நெகிழ்வை மட்டும் வளர்த்து, அதைத் தாங்கும் வலிமையை வளர்க்காமல் விட்டால், கையால் பிடித்துத் தூக்கும்போது தலைவரை உயரும் கால், தானே உயர வேண்டிய இடத்தில் இடுப்பளவும் உயராது. ஆகையால் நீட்டும் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்திற்கு ஒத்த நேரத்தை நிறுத்தும் பயிற்சிக்கும் செலவிடுக. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைப் பிரிக்காமல், இடுப்பைப் பின்னே உருளவிடாமல் மேல் முழங்காலை மட்டும் உயர்த்தி இறக்குவது, காலை வெளிப்புறம் திருப்பும் தசைகளுக்கு நேரே பலம் தரும். முதுகைச் சுவரோடு ஒட்டி அரைமண்டியில் இறங்கி, பத்து விநாடி நின்று, எழுவது மற்றொன்று. இயல்பிலேயே மூட்டுகள் மிகத் தளர்ந்த சில மாணவிகள் உண்டு. முதல் நாளே எல்லாம் வளைவதால் அவர்களைக் கண்டு மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். அவர்களுக்கு நீட்டும் பயிற்சியே தேவையில்லை. வலிமைப் பயிற்சி மாத்திரமே தேவை. உண்மையில் ஆசிரியர் அதிகக் கவனத்தோடு காக்கவேண்டியவர்கள் அவர்களே.

முழுமண்டியைப் பற்றிச் சிறிது. மண்டியடவில் முன்பாதத்தின்மேல் முழுதும் அமர்ந்து குதிப்பது முழங்காலுக்கு மிகுந்த பாரம் தருவது. அரைமண்டியில் சில நிமிஷங்கள் தளராமல் தட்டடவு போட முடியும் வரை அதற்கு அவசரம் காட்டவேண்டா. அவ்வாறே, தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் செதுக்கப்பட்ட 81 கரணங்களையோ, சிதம்பரத்துக் கோபுரங்களில் உள்ள 108 கரணங்களையோ பார்த்துவிட்டு வந்து, காலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்க முயலும் உற்சாகம் இளைஞர்க்கு இயற்கை. கரணம் என்பது கையும் காலும் உடலும் சேர்ந்து இயங்கும் ஒரு முழு இயக்கம். சிற்பி அந்த இயக்கத்தில் ஒரு கணத்தையே கல்லில் நிறுத்தியிருக்கிறான். அந்தக் கணத்திற்கு எப்படி வந்தார்கள், அதிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பது தெரியாமல் கடைசி நிலையை மட்டும் பற்றிக்கொள்வது, அபிநயம் தெரியாமல் ஆபரணம் பூணுவதற்குச் சமானம்.

இனிச் சுழற்சிக்கு வருவோம். நந்திகேசுவரருடைய அபிநய தர்ப்பணம் உத்புலுதம், சக்கரம், கருடம், ஏகபாதம், குஞ்சிதம், ஆகாசம், அங்கம் என்று ஏழு பிரமரிகளைக் கூறுகிறது. குதித்துச் சுற்றுவதும், பாதங்களைத் தரையில் இழைத்துச் சுற்றுவதும், ஒற்றைக் காலில் சுற்றுவதும், முழங்காலை மடக்கிச் சுற்றுவதும், காலை விரித்துப் பாய்ந்து சுற்றுவதும் இவற்றுள் அடங்கும். வகுப்பறையில் முதலில் எதிர்ப்படுவதோ இவற்றில் எதுவும் முழுமையாக அன்று. அடவின் இடையே தட்டிக்கொண்டே திரும்பும் கால்வட்டமும் அரைவட்டமும்தான். அவற்றில் தொடங்குவதே சரி.

சுற்றுகிற ஒருவர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றம் சுற்றும்போது உண்டானதாகவே தோன்றும். கூர்ந்து பார்த்தால், சுற்றத் தொடங்கும் முன்பே இடுப்பு பின்தள்ளியிருக்கும். அல்லது பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு முழுதும் மாறியிராது. நேரே நிற்காத அச்சு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு வேகமாக வெளியே இழுக்கப்படும். மேலே சொன்ன அரைமண்டியின் நேர்கோடு இங்கேதான் தன் பயனைக் காட்டுகிறது. ஆகவே சுழலுமுன், ஒற்றைக் காலில் நிற்கும் திறனைச் சோதித்துக்கொள்க. வெறுங்காலோடு, ஒரு காலைக் கணுக்காலளவு உயர்த்தி, நாட்டியாரம்பக் கையோடு 30 விநாடி நிற்க முடிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு அதில் பாதியளவாவது நிற்க முடிகிறதா? முடியாதவரை முழுச்சுற்றைப் பற்றி நினைக்கவே வேண்டா.

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கூட்டல்குறி இட்டு, அதன் நடுவில் சமபாதத்தில் நின்று, நான்கு சுவர்களையும் முறையே நோக்கி, நான்கு கால்வட்டங்களாகத் திரும்புங்கள். ஒவ்வொரு சுவரிலும் நின்று, இரண்டு அட்சர காலம் அசையாமல் இருந்து, அதன்பிறகே அடுத்த சுவருக்குத் திரும்பவேண்டும். நான்கு சுவரும் முடிந்தபின் நீங்கள் கூட்டல்குறியின் நடுவிலேயே இருக்கிறீர்களா என்று குனிந்து பாருங்கள், பெரும்பாலும் இருக்கமாட்டீர்கள். எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறீர்களோ அந்தப் பக்கம்தான் பாரம் சாய்ந்தது. இது பிசகாமல் வந்தபின் அரைவட்டம், அதன்பின் முழுவட்டம். அவ்வளவும் அரைமண்டியில் மறுபடி முதலிலிருந்து. இந்த அப்யாசம் மந்தமானது, உற்சாகம் தராதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைத் தாண்டிச் சென்றவர்கள் பிறகு திரும்பி வந்து இதையே செய்ய நேர்கிறது.

ஒற்றைக் காலில் சுழலும்போது குதிகாலைச் சற்றே தூக்கி, முன்பாதத்தின்மேல் சுழலவேண்டும். உள்ளங்கால் முழுதும் தரையில் படிந்திருக்கும்போது, அதிலும் வியர்த்த பாதமாயின், தோல் தரையைப் பற்றிக்கொள்ளும். உடல் திரும்பிவிடும், பாதம் திரும்பாது. நடுவில் அகப்பட்டுக்கொள்வது முழங்கால். வழுக்குவதற்காகத் தரையில் எண்ணெய் தடவுவதோ பவுடர் தூவுவதோ இதற்குப் பரிகாரம் ஆகாது. கதக்கில் இடது குதிகாலை அச்சாகக் கொண்டு, நிமிர்ந்த காலோடு, தொடர்ச்சியாகப் பல சக்கர்கள் சுற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அந்த முறையை இங்கே கொண்டுவருவது கூடாது. அந்தச் சுழற்சி அந்த நிலைக்கு உரியது.

தலை கிறுகிறுப்பதற்குக் காரணம் காதின் உட்பகுதியில் இருக்கிறது. அங்கே மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றுள் நீர்மமும் உண்டு. நீர் நிறைந்த குடத்தைச் சுழற்றி நிறுத்தினால் குடம் நின்றபின்னும் உள்ளிருக்கும் நீர் சுழன்றுகொண்டிருப்பதுபோல, உடல் நின்றபின்னும் அந்த நீர்மம் ஓடிக்கொண்டிருப்பதால், இன்னும் சுற்றுகிறோம் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. நின்றுவிட்டோம் என்று பாதம் சொல்கிறது. இந்த முரண்பாட்டைத் தணிக்கவே திருஷ்டியை நிலைப்படுத்துகிறோம். கண்மட்டத்தில் சுவரில் ஒரு பொட்டைத் தேர்ந்து, உடல் திரும்பத் தொடங்கியபின்னும் முகத்தை அந்தப் பொட்டின்மீதே நிறுத்தி, கழுத்து இனித் தாங்காது என்ற இடத்தில் தலையை விரைந்து திருப்பி, உடல் வந்து சேருமுன்னே கண் மறுபடியும் அந்தப் பொட்டைப் பிடித்துவிடவேண்டும். இது விரைவான சுற்றுக்கு மட்டும் உரியது. கை செல்லும் வழியே கண்ணும் செல்லவேண்டிய நிதானமான அடவுத் திருப்பங்களில் இதைப் புகுத்தினால் அபிநயம் கெட்டு, தலை மட்டும் வெட்டி வெட்டித் திரும்பும் விகாரம் உண்டாகும். பழகப் பழக மூளையே அந்தப் பொய்ச் செய்தியைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளும் என்பதால், தினமும் சிறிது நேரம் சுற்றுவது, வாரத்தில் ஒருநாள் நெடுநேரம் சுற்றுவதைக் காட்டிலும் பயன் தரும். குமட்டல் தோன்றினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது தொடங்கவே தொடங்காதீர்கள்.

கையை மார்போடு சேர்த்தால் வேகம் கூடும், விரித்தால் குறையும் என்பது பௌதிக விதி. ஆனால் பரதத்தில் கை எங்கே இருக்கவேண்டும் என்பதை அடவு விதித்திருக்கிறது. வேகத்திற்காகக் கையைச் சுருக்கிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. ஆகையால் சுற்றுக்கு வேண்டிய உந்துதலைத் தரையைத் தள்ளும் பாதத்திலிருந்தே பெறவேண்டும். கையை வீசி உடலை இழுத்துச் சுற்றுகிறவர்கள் முழங்கை தொங்கி, தோள் முன்னே போய், எங்கே நிற்பது என்று அறியாமல் ஒரு கால் கூடுதலாக வைத்து நிற்பார்கள். சுற்றத் தொடங்குவதைவிட நிற்பதே கடினம்; சமத்தில் விழும் தட்டும் சுற்றின் முடிவும் ஒன்றாக வருவதற்கு, கடைசிக் கால்வட்டத்தில் முழங்காலை இன்னும் சற்றே மடக்கி உடலைத் தாழ்த்துவது உதவும்.

வலப்பக்கம் எளிதாகவும் இடப்பக்கம் கடினமாகவும், அல்லது அதற்கு மாறாகவும், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வசப்பட்டிருக்கும். அடவுகளை இரு பக்கமும் சமமாகப் போடும் வழக்கம் நம் முறையில் இருந்தாலும், தனியே சாதகம் செய்யும்போது மனம் வசப்பட்ட பக்கத்தையே நாடும். வராத பக்கத்தில் தொடங்கி, அந்தப் பக்கத்திலேயே முடியுங்கள்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிமென்டு மேல் நேரடியாகக் குதித்துச் சுற்றுவது கணைக்காலுக்குக் கெடுதி. மரப்பலகைத் தளம் கிடைக்காதவர்கள் குதிப்புச் சுற்றுகளைக் குறைத்து, இழைத்துச் சுற்றுவதையும் கால்வட்டங்களையும் வீட்டில் பழகி, குதிப்பை வகுப்புக்கு வைத்துக்கொள்வது நலம். சலங்கை கட்டத் தொடங்கும் நாளில் கணுக்காலில் ஏறும் புதிய எடையால் அதுவரை வந்த சுற்றும் சிறிது பிசகும். அப்போது முழுச்சுற்றை விட்டுச் சுண்ணக்கட்டிக் கூட்டல்குறிக்கே திரும்பி, கால்வட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். நின்றபின் சலங்கை ஒலி தட்டோடு அடங்குகிறதா, அல்லது சிறிது நேரம் சிதறி ஒலிக்கிறதா என்று கேட்டால், பாதம் நிலைத்ததா இல்லையா என்பது கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிடும். முதற் காலத்தில் அது அடங்கும்வரை இரண்டாம் காலத்திற்குப் போகவேண்டா.